சூதும் பிரிவும்: சமூக ஊடக வேட்கை பற்றிய ஓர் இலக்கிய ஆய்வு

1. உவமையும் மருந்தும்

ஒரு காலத்து மக்களை வருத்தும் நோயை அக்காலத்து மொழி முதற்கண் ஓர் உவமையாகவே பற்றிக்கொள்கிறது. நம் காலத்துச் சமூக ஊடக வேட்கைக்கு வாய்த்த உவமை 'போதை' என்பது. மேடைப் பேச்சும் செய்தித்தாளும் மாணவர் கவிதையும் கல்லூரி ஆண்டு மலரும் இவ்வுவமையையே எடுத்தாளுகின்றன. கைபேசி கள்ளுக்குடம் ஆகின்றது. அதனை ஏந்துவோன் குடியன் ஆகின்றான். இவ்வுவமை எளிதில் உள்ளத்தில் பதிவது என்பதில் ஐயமில்லை. ஆயினும் எளிதில் பதிவன எல்லாம் பொருந்துவன ஆகா.

உவமையை ஆராய்தல் இலக்கியம் கற்றார் கடன். பொருளின் இயல்பை உவமை மறைக்குமாயின், கவிதைக்கு மட்டுமன்றி வாழ்க்கைக்கும் கேடு விளையும். என்னை? நோய்க்கு நாம் இடும் பெயரே அதற்கு நாம் தேடும் மருந்தையும் வகுத்து விடுகின்றது. நோய் கள் எனின், குடத்தை உடைப்பதே மருந்து. பெற்றோர் பிள்ளையின் கையிலுள்ள கருவியைப் பறித்துப் பூட்டி வைப்பதும், அரசுகள் ஒரே ஆணையால் தளங்களை முடக்குவதும், தம்மைத் தாமே வெறுத்த இளைஞர் ஓர் இரவில் கணக்குகளை எல்லாம் அழித்துவிடுவதும் இவ்வுவமையின் வழியே பிறந்த மருத்துவம் எனலாம். அம்மருத்துவம் சிலர்க்கு நலம் செய்யக் கூடும். சிலர்க்கு அது மற்றொரு நோயாகவும் முடிகின்றது. ஆதலின் உவமையைத் தொடக்கத்திலேயே ஆராய வேண்டியுள்ளது.

திருக்குறளையும் தொல்காப்பியப் பிரிவு மரபையும் நளவெண்பாவையும் துணைக்கொண்டு இவ்வாராய்ச்சியை நிகழ்த்துவோம். இன்றைய கருவிகள் எல்லாம் பண்டை நூல்களில் முன்னரே கூறப்பட்டன என்று காட்டுவது நம் நோக்கமன்று. அங்ஙனம் காட்ட முயல்வது ஆராய்ச்சியும் ஆகாது. கருவி புதியது, அதனைப் பற்றிக்கொண்ட உள்ளம் பழையது. அவ்வுள்ளத்தின் இயக்கங்களை நுண்ணிதின் பகுத்துப் பெயரிட்டவர் நம் முன்னோர். அப்பகுப்பு இன்றும் பயன்படுமா என்பதே ஈண்டு எழும் வினா.

2. கள்ளும் சூதும் வேறு

திருவள்ளுவர் கள்ளுண்ணாமையை 93ஆம் அதிகாரமாகவும் சூதை 94ஆம் அதிகாரமாகவும் அடுத்தடுத்து வைத்தார். இவ்விரண்டையும் இருமனப் பெண்டிரின் தொடர்பையும் 920ஆம் குறளில் ஒருங்கு எண்ணித் திருமகளால் நீக்கப்பட்டார்க்கு உரியன என்றார். ஒருங்கு எண்ணிய அவரே ஒவ்வொன்றற்கும் தனியதிகாரம் வகுத்தமை கருதற்பாலது. கேடு என்ற வகையில் ஒன்றாயினும், கெடுக்கும் முறையில் இவை வேறு என்பது அவர் கருத்தாதல் வேண்டும்.

கள்ளுண்ணாமை அதிகாரத்தில் மேலோங்கி நிற்பது உணர்வின் இழப்பு. கள்ளுண்பார் நஞ்சுண்பாராக உரைக்கப்படுகின்றனர் (926). களித்தானுக்குக் காரணம் காட்டித் தெளிவித்தல், நீருள் மூழ்கியவனை விளக்கேந்தித் தேடுவது போலும் என்கிறது 929ஆம் குறள். சூது அதிகாரத்தில் இத்தகைய மயக்கம் எங்கும் பேசப்படவில்லை. சூதாடுவோன் தெளிந்த உணர்வினன். எண்ணுகின்றான், கணிக்கின்றான், அடுத்த முறை வெல்வேன் என்று கருதுகின்றான். அறிவு உறங்கவில்லை; அறிவே அவனை ஆட்டக் களத்தில் நிறுத்துகின்றது. பாரதக் கதையில் நாடும் தம்பியரும் மனையாளும் பணயமாக வைக்கப்பட்ட பொழுது, தருமன் கள்ளுண்டு மயங்கியிருந்தான் அல்லன். அறத்தை நன்கறிந்தவன் அறிந்தே தோற்றான். அவையின் அவலம் அதனாற் பெருகுகின்றது.

இன்றைய உளமருத்துவமும் இவ்வேறுபாட்டைக் கண்டு, பின்னர் ஒருமையையும் கண்டது. அமெரிக்க உளமருத்துவச் சங்கம் 2013இல் வெளியிட்ட ஐந்தாம் நோய்வகைக் கையேடு, சூதாட்ட நோயைக் குடி முதலியவற்றோடு ஒரே இயலில் வைத்தது. உடலுட் புகும் பொருள் ஒன்றும் இன்றியே ஒரு செயல் மனிதனைப் பிணிக்கக் கூடும் என்று அதனால் ஒப்புக்கொள்ளப்பட்டது. 2022 முதல் நடைமுறைக்கு வந்த உலக நலவாழ்வு நிறுவனத்தின் பதினோராம் நோய்வகைப் பட்டியல், சூதாட்ட நோயோடு மின்விளையாட்டு நோயையும் சேர்த்தது. சமூக ஊடக வேட்கை இவ்விரு நூல்களிலும் தனிநோயாக இடம்பெறவில்லை. மிகுதியாகப் பயன்படுத்துவோர் எல்லாரையும் நோயாளர் என்று கூறிவிடலாகாது என்பதும் இதனால் பெறப்படும். பெங்களூரு நிம்ஹான்ஸ் நிறுவனம் கருவிகளின் நலமார்ந்த பயன்பாட்டிற்கென 2014இல் தனி மருத்துவப் பிரிவு ஒன்றைத் தொடங்கியது. தனிநோய் என்ற பெயர் இல்லையேனும் துன்பம் உண்டு என்பதற்கு அதுவே சான்று.

வள்ளுவரே காமத்தைக் கள்ளோடு ஒப்பிட்டுள்ளாரே, வேட்கை யாவும் கள்ளோடு ஒப்பனவே அல்லவோ என்று ஒருவர் வினவலாம். 1090, 1201 ஆகிய குறள்களை நோக்கின் விடை கிடைக்கும். உண்டார்க்கு அன்றிக் கள் மகிழ்ச்சி தாராது, காமமோ கண்ட அளவிலே தரும் என்றும், நினைப்பினும் மகிழ்விப்பது காமம் என்றும் அவர் வேற்றுமை கூறுகின்றார். கள்ளைக் கொணர்ந்தது ஒப்புமை கூறி அமைதற்கன்று, ஒவ்வாமை காட்டற்கே. உவமையை எவ்வளவு நெருங்கிப் பயன்படுத்த வேண்டும் என்பதற்கும் எங்கே நிறுத்த வேண்டும் என்பதற்கும் இக்குறள்கள் நமக்கு வழிகாட்டுகின்றன.

3. தூண்டிலும் கவறும்

சூது அதிகாரத்தின் முதற்குறள் (931) கூறும் உவமை ஆழ்ந்து எண்ணத்தக்கது. சூதில் பெற்ற வெற்றியை, மீன் இரையென விழுங்கிய தூண்டில் இரும்போடு அக்குறள் ஒப்பிடுகின்றது. சூதின் தீமையைக் கூற வந்த வேறு புலவர் தோல்வியிலிருந்து தொடங்கியிருப்பார். வள்ளுவர் வெற்றியிலிருந்து தொடங்குகின்றார். பிணிப்பது தோல்வியன்று, இடையிடையே வாய்க்கும் சிறு வெற்றியே பிணிக்கின்றது. அதிகாரத்தின் இறுதிக் குறளில் (940) இழக்குந்தோறும் சூதின்மேல் காதல் மிகும் என்று முடிக்கின்றார். சிறு பேறு பிணிக்க, இழப்பு இறுக்குகின்றது. இவ்விரு குறளுக்கும் இடையே அவ்வேட்கையின் தோற்றமும் வளர்ச்சியும் அடங்கிவிட்டன.

உளவியலறிஞர் ஸ்கின்னரும் அவர் துணைவர் ஃபெர்ஸ்டரும் 1957இல் வெளியிட்ட நூல், விலங்குகளைக் கொண்டு செய்த சோதனைகளால் இதனையொத்த உண்மையைக் காட்டிற்று. ஒவ்வொரு முறையும் இரை தரும் பொறியை, இரை நின்றதும் விலங்கு விரைவில் கைவிடுகின்றது. எப்பொழுது தரும் என்று அறிய முடியாதவாறு இடையிடையே தரும் பொறியையோ அது நெடுநேரம் விடாது அழுத்துகின்றது. நிலையின்மையே பிணிப்பின் வலிமை.

சமூக ஊடகத்தின் அமைப்பு இத்தகையது. ஒருவர் தம் படத்தையோ சொல்லையோ இடுகின்றார். எத்துணைப் பேர் விரும்புவர், எவர் மறுமொழி கூறுவர், எப்பொழுது கூறுவர் என்பன அறியப்படா. திறந்து பார்த்தல் ஒவ்வொன்றும் ஒரு கவறு எறிதல். முகநூல் 2009இல் புகுத்திய 'லைக்' என்னும் விருப்பக்குறி, பிறருடைய மதிப்பை எண்ணாக மாற்றிக் காட்டியது. அதனால் வெற்றியும் தோல்வியும் கணக்கிடத்தக்கன ஆயின. 2006இல் ஏசா ராஸ்கின் வடிவமைத்த முடிவிலாப் பக்கம், நிறுத்தி எண்ணுதற்கு உரிய இடத்தையே நீக்கிவிட்டது. நூலுக்கு இயல் முடிவும் உண்ணும் கலத்திற்கு அடியும் உண்டு. இப்பக்கத்திற்கு அடி இல்லை. தாம் வகுத்த அமைப்பின் விளைவுக்குப் பின்னாளில் அவர் வருந்தியும் உரைத்துள்ளார். முகநூலின் முதல் தலைவராயிருந்த ஷான் பார்க்கர், மக்கள் உள்ளத்தின் மென்மையான இடமொன்றைத் தெரிந்தே பயன்கொண்டதாக 2017இல் வெளிப்படையாகக் கூறினார். தூண்டில் தானே நீரில் விழவில்லை. எறிந்த கை ஒன்று உண்டு என்பது இதனால் விளங்கும்.

935ஆம் குறள் சூதர் பற்றுவனவற்றைக் கவறு, ஆடுகளம், ஆடும் கைத்திறன் என மூன்றாக வகுக்கின்றது. இப்பகுப்பு பெரிதும் பயன்படுவது. கருவியை மட்டும் குறைகூறுவோர் கவற்றை மட்டும் கண்டவர் ஆவர். பலர் கூடியிருக்கும் களமும், நாம் வல்லோம் என்னும் தருக்கும் அவர் கண்ணிற் படவில்லை. நூறு பேர் பாராட்டிய சொல்லை எழுதியவன் நாளை ஆயிரவர் பாராட்டுவர் என்று எண்ணும் பொழுது, அவனைப் பிணிப்பது கைபேசியின் ஒளியன்று. தன் கைத்திறன் பற்றிய நம்பிக்கை.

பணயம் யாது? சூதில் வைக்கப்படுவது பொருள். ஈண்டு வைக்கப்படுவது காலம். 937ஆம் குறளில் வரும் 'காலை' என்னும் சொல்லுக்குப் பரிமேலழகர் காலம் என்றே பொருள் கொண்டு, அறம் முதலியவற்றிற்கு உரிய காலம் சூதாடு களத்தில் கழிதலை விளக்குகின்றார். காலடியைக் களத்தில் வைத்தல் என்று கொள்வாரும் உளர். இரண்டனுள் எது சிறந்தது என்னும் பழைய வினாவிற்கு, இன்றைய நிலை உரையாசிரியர் பக்கமே வலிமை சேர்க்கின்றது. இக்களத்தில் காலடி வைக்க வேண்டுவதில்லை. படுக்கையில் கிடந்தவாறே புகலாம். புகுவது காலமே. விடாது ஆடுவோன் பொருள் பிறர்பால் சென்று சேரும் என்னும் 933ஆம் குறளின் கருத்தும் இங்கே பொருந்துகின்றது. நாம் செலவிடும் நேரம் அழிந்தொழிவதில்லை. விளம்பர வருவாயாகிப் பிறர் கருவூலத்தைச் சேர்கின்றது.

இதுகாறும் கூறியவற்றால் சமூக ஊடக வேட்கைக்குக் கள்ளினும் சூதே பொருத்தமான உவமை என்பது போதரும்.

4. களம் மூடப்பட்ட பொழுது

ஆயின் சூது என்னும் உவமையும் ஓரிடத்தில் நின்றுவிடுகின்றது. களம் திடீரென மூடப்பட்டால் என்னாகும்? சூதன் கவற்றை இழக்கின்றான். சமூக ஊடகத்தில் இருந்தவன் கவற்றோடு மக்களையும் இழக்கின்றான்.

2021 அக்டோபர் 4ஆம் நாள், பராமரிப்புப் பணியின்போது இடப்பட்ட ஓர் ஆணையின் பிழையால் முகநூலும் இன்ஸ்டாகிராமும் வாட்சாப்பும் உலகெங்கும் ஏறத்தாழ ஆறு மணி நேரம் முடங்கின. இந்தியாவில் அப்பொழுது இரவு 9 மணி கடந்திருந்தது. பொழுதுபோக்கினை மட்டும் இழந்தவர்க்கு அது சிறு எரிச்சல். தொலைவிலுள்ள உறவினரோடு அவ்வழியே பேசி வந்தவர்க்கு அது திடீர் மௌனம்.

டிக்டாக் செயலியின் வரலாறு இன்னும் கூரியது. சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2019 ஏப்ரல் 3ஆம் நாள் அதன் பதிவிறக்கத்தைத் தடுக்குமாறு இடைக்கால ஆணை பிறப்பித்து, அம்மாதம் 24ஆம் நாள் அதனை நீக்கிற்று. பின்னர் 2020 ஜூன் 29ஆம் நாள் இந்திய அரசு அதனையும் வேறு 58 செயலிகளையும் ஒருங்கே தடை செய்தது. தடைக்குரிய காரணங்களை ஆராய்வது இக்கட்டுரையின் எல்லைக்கு அப்பாற்பட்டது. கொள்ளைநோய்க் காலத்தில் வீட்டினுள் அடைபட்டிருந்த மக்களுள், பிற மேடை எதுவும் வாய்க்காத சிற்றூரார் பலர் அத்தளத்தில் ஆடியும் பாடியும் பார்ப்போர் கூட்டத்தைப் பெற்றிருந்தனர். ஓரிரவில் அக்கூட்டம் கலைந்தது. விடைபெறுதற்கும் பொழுது இல்லை. அவர் இழந்ததைப் 'போதைப் பொருள்' என்று கூறின், அவர்தம் துயரை நாம் உணர்ந்தவராக மாட்டோம்.

ஆய்வுகள் இவ்விருமையைத் தெளிவாகக் காட்டுகின்றன. 2018இல் வெளிவந்த ஆஸ்திரேலிய ஆய்வொன்றில், ஐந்து நாள் முகநூலை விட்டிருந்தோர்க்கு உடலின் அழுத்தத்தைக் காட்டும் கார்ட்டிசால் என்னும் சுரப்புக் குறைந்தது. ஆயினும் வாழ்க்கையில் நிறைவு உண்டு என்னும் உணர்வும் குறைந்தது. உடல் ஆறியது, உள்ளம் ஆறவில்லை. அவ்வாண்டே வெளிவந்த ஆஸ்திரிய ஆய்வில் ஏழு நாள் விட்டிருக்க உடன்பட்ட 152 பேருள் 59 விழுக்காட்டினர் ஒருமுறையேனும் மீண்டும் புகுந்தனர். விட்டிருந்த நாள்களில் வேட்கையும் சலிப்பும் மிகுந்தன. பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தில் 143 மாணவரைக் கொண்டு நடத்திய ஆய்வு முற்றும் விடச் சொல்லவில்லை. தளம் ஒன்றிற்கு நாளொன்றுக்குப் பத்து மணித்துளி என வரையறுத்தது. மூன்று வாரத்தில் தனிமையுணர்வும் சோர்வும் குறைந்தன. முற்ற விடுதல் யார்க்கும் தீது என்றும் முடிவு செய்தல் கூடாது. 2018இல் அமெரிக்காவில் நான்கு வாரம் முகநூலை நிறுத்திய பெரிய சோதனையில், நிறுத்தியோர் நலவுணர்வு சிறிதளவு மேம்பட்டது. சோதனை முடிந்த பின்னும் அவர் முன்னினும் குறைவாகவே பயன்படுத்தினர். அவர் தாமே உடன்பட்டவர். நாள் எல்லையை முன்னரே அறிந்தவர் என்பதை மறத்தலாகாது.

இவற்றை நோக்குங்கால் காமத்துப்பாலின் பிரிவாற்றாமை அதிகாரம் நினைவிற்கு வருகின்றது. தீ தொட்டாரைச் சுடும். விட்டு நீங்கினாரைச் சுடுவதில்லை. காமநோயோ நீங்கிய வழியே சுடுகின்றது என்பது 1159ஆம் குறளின் கருத்து. கள்ளையும் சூதையும் விட்டவன் நலம் பெறுவான் என்பது பொருட்பாலின் நெறி. உறவை விட்டு நீங்கியோர் வருந்துவர் என்பது காமத்துப்பாலின் உண்மை. சமூக ஊடகத்தில் இவ்விரு பாலும் ஒரே கண்ணாடித் திரையில் கலந்து கிடக்கின்றன. சூதும் அங்கே உண்டு. உறவும் அங்கே உண்டு. இக்கலப்பே இந்நோயின் தனியியல்பு. மருந்து தேடுவார் இடர்ப்படுவதும் இதனாலேயே.

5. செலவழுங்கல்

பிரிவு என்று கண்டபின், பிரிவைப் பற்றி நம் மரபு கூறுவதையும் கேட்டல் வேண்டும். அகப்பொருள் மரபில் பிரிவு திடீரென நிகழ்வதன்று. அதற்குக் காரணம் உண்டு. கால எல்லை உண்டு. தலைவியை ஆற்றுவிக்கத் தோழி உண்டு. இவற்றினும் சிறந்தது 'செலவழுங்கல்' என்னும் துறை. பிரியத் துணிந்த தலைவன் உடனே பிரியாது சிறிது தங்குகின்றான். அது போகாதிருத்தற்கு அன்று. தலைவியின் உள்ளத்தை ஆற்றுவித்துப் பின் செல்லுதற்கே எனத் தொல்காப்பியர் கற்பியலில் தெளிவுபடுத்துகின்றார். செலவு உறுதி, ஆயினும் அது தணிந்த செலவு. பிரிவின் கொடுமையை அறிந்தோர் வகுத்த உளவியல் நெறி இது.

நளவெண்பாவில் நளன் தமயந்தியைப் பிரிந்த பிரிவு இதற்கு மறுதலை. நள்ளிரவு; கானகம்; அவள் உறங்குகின்றாள்; இருவரும் உடுத்திருந்த ஓராடையை அரிந்துவிட்டு அவன் நீங்குகின்றான். காரணம் கூறவில்லை, காலம் குறிக்கவில்லை, துணையாக எவரையும் வைக்கவில்லை. அவள் நலம் கருதியே பிரிந்தான் எனினும், விழித்தவள் கண்டது வெறுங்கானமே. நலம் கருதிச் செய்யும் பிரிவும் செலவழுங்கல் இன்றேல் கொடுமையாக முடியும் என்பதை இதனினும் தெளிவாகக் காட்டல் அரிது. பிள்ளையின் நலம் கருதியே இரவோடிரவாகக் கைபேசியைப் பறிக்கும் தாய்தந்தையரும் இந்நளனை ஒப்பர். பறிக்கப்பட்ட சினத்தாலும் தனிமையாலும் இளையோர் தம் உயிர்க்கே ஊறு தேடிய செய்திகள் நாளிதழ்களில் வெளிவந்துள்ளன. அவற்றிற்குக் கைபேசி ஒன்றே காரணம் என்று கூற இயலாது. முன்னரே உள்ளம் நொந்திருந்தார்க்குத் திடீர்ப் பிரிவு தாங்கவொண்ணாச் சுமை ஆகலாம் என்ற அளவில் கொள்ளுதல் தகும். அந்நிலையில் வேண்டுவது உளமருத்துவர் துணையே, அறிவுரை அன்று.

தலைவன் தலைவியர் காதல் உயர்ந்தது. ஊடக வேட்கையோ இழிந்தது. உயர்ந்ததன் இலக்கணத்தை இழிந்ததற்குப் பொருத்தலாமோ எனின், பொருத்தலாம் என்போம். நாம் ஒப்பிடுவது வேட்கையின் தகுதியை அன்று. பிரிவால் வருந்தும் உள்ளத்தின் இயல்பை. ஆயினும் இவ்வொப்புமைக்கும் எல்லை உண்டு. அகத்தலைவன் மீண்டு வருவான். கார்காலம் அவன் வரவிற்கு அடையாளம். ஊடகத்தை விட்டோர்க்கு மீண்டும் அங்கே புகுதல் இன்பமுடிவு ஆகாது. அவர்க்கு மீள வேண்டியது தளம் அன்று. தளத்தில் இருந்த மனிதர். அம்மனிதரை வேறு வழியில் அடையச் செய்வதே இங்கே தோழியின் தொழில்.

6. கலி நீங்கிய வகை

நளன் கதை பிரிவோடு முடியவில்லை. கலி அவனை விட்டு நீங்கிய இடம் நம் ஆராய்ச்சிக்கு உயிரான இடம். வாகுகன் என்னும் பெயரில் இருதுபன்னனுக்குத் தேரோட்டிச் செல்லும் வழியில், தான்றி மரத்தின் காய்களை எண்ணாமலே கணக்கிட்டுக் கூறும் கலையை அவனிடம் பெறுகின்றான். தன் தேர்க்கலையை மாற்றாகத் தருகின்றான். அக்கலை கைவந்ததும் கலி அகல்கின்றது. வேத காலத்தில் தான்றிக் காய்களே கவறாகப் பயன்பட்டன என்பதை நினைவிற் கொள்ளின், இக்காட்சியின் பொருள் இன்னும் விளங்கும். கவற்றை உடைத்ததனால் கலி நீங்கவில்லை. கவற்றின் உள்ளியக்கத்தை அறிந்ததனால் நீங்கியது.

வள்ளுவர் வெல்வதாயினும் சூதை விரும்பற்க என்றார். புகழேந்தியார் கவற்றின் நுட்பம் அறிந்த நளன் மீண்டும் ஆடி நாடு பெற்றதைப் பாடினார். இவை முரண் போலத் தோன்றும். வள்ளுவர் களம் புகாதானை நோக்கி அறம் உரைத்தார். புகழேந்தியார் புகுந்து கெட்டவனது மீட்சியைக் கதையாகக் கூறினார். இருவரும் இருவேறு மனிதரிடம் பேசுகின்றனர் எனக் கொள்ளின் முரண் நீங்கும். பதினாறு வயதிற்கு உட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருத்தலைத் தடுத்து ஆஸ்திரேலியா 2024இல் இயற்றி 2025 டிசம்பர் 10 முதல் நடைமுறைப்படுத்திய சட்டம், களம் புகாத சிறாரைப் பொறுத்தவரை வள்ளுவர் நெறியது. முன்னரே புகுந்துவிட்ட சிறார்க்கோ அச்சட்டம் பிரிவும் ஆகும். அவர்க்குச் செலவழுங்கலும் வேண்டும். இருதுபன்னன் கலையும் வேண்டும்.

7. முடிவு

சமூக ஊடக வேட்கையைப் 'போதை' என்று மட்டும் பெயரிடுவது அதன் இயக்கத்தையும் அதனை விடுவதன் துன்பத்தையும் ஒருங்கே மறைக்கின்றது. பிணிக்கும் முறையால் அது சூது. திடீரென நீங்குங்கால் அது பிரிவு. சூது என உணர்ந்தார், தூண்டிலை எறிந்த கையையும் பணயமாகும் காலத்தையும் காண்பர். பிரிவு என உணர்ந்தார், காரணம் கூறி, எல்லை குறித்து, துணை வைத்து, தணிந்து விலகச் செய்வர்.

முதுகலை மாணவர் சூதையும் பிரிவாற்றாமையையும் வெவ்வேறு தாள்களுக்குரிய பாடமாகப் படித்துத் தேர்வெழுதிச் செல்கின்றனர். அவ்விரண்டும் தம் சட்டைப்பையில் ஒன்றாய் இருப்பதை அவர்க்குக் காட்டுதல் தமிழாசிரியர் பணியாகும். எண்ணிக் கற்ற நளனைக் கலி தொடரவில்லை. பழைய நூல்களைக் கற்பார்க்கு அக்கல்வி இன்றைய கவற்றை எண்ணும் கலையாகவும் பயன்படுமாயின், கற்றதன் பயன் அதுவே எனலாம்.